உங்கள் வரம் யார் கையில் இருக்கிறது?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சபைகளில் ஆராதனை முடிந்து வெளியே வரும் ஒருவரை நிறுத்தி, "ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்திருக்கும் வரம் என்ன?" என்று கேட்டால், "எனக்கென்னங்க வரம் இருக்குது, பாய் விரிக்கவும் நாற்காலி எடுத்துப் போடவுந்தானுங்க தெரியும்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். கேட்பதற்கு இது தன்னடக்கமாகத் தோன்றினாலும், இதற்குள் ஒரு தவறான புரிதல் ஒளிந்திருக்கிறது. அதற்கு நம்முடைய தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம். வரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தவர் முன்னால் தெய்வம் தோன்றி, "என்ன வேண்டும், கேள்" என்று சொல்லும் கதைக் காட்சி. பாடுபட்ட ஒரு சிலருக்கே கிடைப்பதும், கிடைத்தவரை மற்றவர்களுக்கு மேலே தூக்கி வைப்பதும் வரம் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. வேதாகமத்தில் சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லோ காரிஸ்மா என்பது. கிருபை என்று பொருள்படும் காரிஸ் என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது. சம்பாதிக்காமல் கைக்கு வந்தது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆகவே, தம் வரத்தை அறிய விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தச் சொல்லிலிருந்து தவத்தைக் கழித்துவிடுவதுதான்.

கழித்த பிறகு மிஞ்சுவது என்ன என்பதைப் பேதுருவின் முதலாம் நிருபம் 4ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் காட்டுகிறது. வரம் பெற்றவர்களை அது உக்கிராணக்காரர் என்று அழைக்கிறது. வேதாகமத்தில் மட்டும் வரும் பழஞ்சொல்லாக இதைக் கடந்துபோகிறவர்கள், நம் பக்கத்துக் கலியாண வீட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில் அரிசி, பருப்பு, எண்ணெய், வாழை இலை எல்லாவற்றையும் இறக்கி, நம்பிக்கையான பங்காளி ஒருவரிடம் சாவியைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். அந்த அறைக்கு உக்கிராணம் என்று பெயர். அங்கே உள்ள ஒரு மணி அரிசிகூட அவருடையதில்லை. ஆனால் அவர் பூட்டிக்கொண்டு தூங்கிவிட்டால் பந்தியில் சோறு இருக்காது; கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளி வீசினால் மூன்றாம் பந்திக்குச் சாம்பார் எட்டாது. வரத்தைக் கண்டறிவது என்பது, நம்மிடம் எந்த அறையின் சாவி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதே.

முதலில் பட்டியல்களைப் படியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான்கு பகுதிகளை நிதானமாக வாசியுங்கள்: ரோமர் 12:6-8, 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரம், எபேசியர் 4:11-13, 1 பேதுரு 4:10-11. ரோமரில் ஏழு வரங்கள் சொல்லப்படுகின்றன. கொரிந்தியரில் 8ஆம் வசனம் முதல் 10ஆம் வசனம் வரை ஒன்பது. எபேசியர் வரங்களை விட்டுவிட்டு ஆட்களையே ஈவுகளாகப் பேசுகிறது. பேதுருவோ எல்லாவற்றையும் பேசுதல், உதவிசெய்தல் என்று இரண்டே கூறுகளில் அடக்கிவிடுகிறார். ஒரே அப்போஸ்தலன் எழுதிய பட்டியல்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதிலிருந்து, இவை முற்றுப்பெற்ற பட்டியல்கள் அல்ல, அந்தந்தச் சபைக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

வாசிக்கும்போது நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடங்களில் சற்று நின்று கவனிக்க வேண்டும். ரோமர் 12:8இல் "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று வருகிறது. பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் நிறைந்த நம் ஊரில் இதை வாசிக்கிறவர்கள், பணமுள்ளவரைப் பற்றிய வசனம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கமிட்டித் தேர்தல் நேரத்தில் அது வசதியாகவும் இருந்துவிடுகிறது. மூலத்தில் உள்ள சொல்லுக்கு முன்னின்று நடத்துகிறவர், பொறுப்பெடுத்துக் கவனிக்கிறவர் என்பதே பொருள். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, 1 கொரிந்தியர் 12:7. ஆவியினுடைய அநுக்கிரகம் "அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று" அளிக்கப்பட்டதாக அங்கே நாம் படிக்கிறோம். தமிழில் அது அவரவர் சொந்த நன்மைக்கு என்பதுபோல ஒலிக்கிறது. ஆனால் சபைக்குப் பக்திவிருத்தி உண்டாகவே வரங்களை நாட வேண்டும் என்று 14:12இல் பவுல் சொல்வதோடு சேர்த்து வாசித்தால், எல்லாருக்கும் பயன்படவே ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது என்ற கருத்துத் தெளிவாகும்.

பட்டியலில் இல்லாத வரங்களையும் வேதாகமத்திலேயே பார்க்கலாம். யாத்திராகமம் 28:3இல் ஆரோனுக்கு ஆசாரிய வஸ்திரங்களை உண்டாக்கப்போகிறவர்கள், தேவனால் ஞானத்தின் ஆவியினால் நிரப்பப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறார்கள். துணி வெட்டித் தைக்கிறவர்களை ஆவியால் நிரம்பியவர்களாகக் காட்டும் இந்த வசனத்தின்மேல் திருப்பூரில் ஒரு பிரசங்கத்தையும் நான் கேட்டதில்லை; சிங்கர் தையலிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்து வயிறு கழுவுகிற எத்தனையோ விசுவாசிகள் நம் பாய்களில் அமர்ந்திருக்கிறார்கள்.

உங்களைப் பார்க்காமல், பெற்றவர்களைப் பாருங்கள்

வரத்தை அறியச் சொல்லித்தரும் பெரும்பாலானவர்கள், "உங்களுக்குள் பாருங்கள், உங்களுக்கு எது மகிழ்ச்சி தருகிறது என்று கேளுங்கள்" என்று தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை என்றாலும், அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்து தபீத்தாள் இறந்தபோது, பேதுருவைச் சூழ்ந்துகொண்ட விதவைகள் அவளுடைய குணநலனைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய வரத்தின் சாட்சி அவளுடைய வீட்டில் இல்லை, ஊராரிடம் இருந்தது. நம்முடைய தேடலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இதை நான் சற்று வெட்கப்பட்டே கற்றுக்கொண்டேன். எனக்கு இருப்பது போதிக்கும் வரம் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஆயர் வெளியூர் போயிருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தேன். விளக்கவுரைகளைப் புரட்டி வாரம் முழுவதும் தயாரித்தவை அவை. இரண்டாவது ஞாயிறன்று வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க பேசினது பாதி எனக்குப் புரியலைங்க, அதை உடுங்க. எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அந்தக் காப்பீட்டுக் காகிதமெல்லாம் நீங்கதானுங்க எழுதிக் கொடுத்தீங்க? இப்ப எங்க தங்கச்சி ஊட்லயும் அதே மாதிரி ஆயிப்போச்சு, கொஞ்சம் வர்றீங்களாங்க?" என்று கேட்டார். அன்றைக்கு மனதுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது, கடந்த ஓராண்டில் என்னைத் தேடி வந்தவர்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு படிவம், ஒரு கணக்கு, ஓர் ஏற்பாடு என்றே வந்திருந்தார்கள் என்பதும், வேதத்துக்கு விளக்கம் கேட்டு ஒருவரும் வரவில்லை என்பதும் விளங்கின. 1 கொரிந்தியர் 12:28இல் "ஆளுகைகள்" என்று ஒரு வரம் இருக்கிறது. கப்பலைத் திசைபார்த்து ஓட்டிச் செல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. காகிதக் கடலில் ஒரு குடும்பத்தைக் கரைசேர்ப்பதும் அதற்குள் அடங்கும் என்று இப்போது நம்புகிறேன்.

எனவே, நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதங்களுக்கு ஒரு சிறிய பதிவை வைத்துவாருங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டாம். யார், எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள் என்பதையும், ஒருமுறை வந்தவர் அதே காரியத்துக்காக மறுபடியும் வந்தாரா என்பதையும் மட்டும் எழுதுங்கள். மனம் உடைந்தவர்கள் இரவு பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் செய்கிறார்களா, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உங்களைச் சுற்றியே நிற்கிறார்களா, சண்டை போட்டுக்கொண்ட இருவரும் உங்களிடமே வந்து முறையிடுகிறார்களா என்பவை அந்தப் பக்கங்களில் தாமாகவே துலங்கும். இரண்டாம் முறை வந்தவர்களின் வரிசைக்கு அடிக்கோடு இடுங்கள். முதல் முறை வருவதற்கு நட்பும் அவசரமும் காரணமாக இருக்கலாம். மறுமுறை வருவதற்கு அவர்கள் ஏதோ ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும்.

இதையே குழுவாகவும் செய்யலாம். வீட்டு ஜெபக்குழுவிலோ ஐக்கிய சங்கத்திலோ குறைந்தது ஓராண்டாவது சேர்ந்து உழைத்த ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரைக் குறித்தும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "நல்லவர்", "பக்தியுள்ளவர்" போன்ற சொற்களுக்கு இடமில்லை. "இவர் இன்னதைச் செய்தபோது எனக்கு இன்ன நன்மை உண்டாயிற்று" என்ற வடிவத்தில்தான் எழுத வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எழுத்தறியாத பெரியவர்கள் இருந்தால் எல்லாருமே வாயால் சொல்லிவிடலாம், ஒருவரை மட்டும் தனியாகச் சொல்லவைக்க வேண்டாம். ஏழு காகிதங்களில் ஐந்து ஒரே திசையைக் காட்டினால் அதை மதியுங்கள். ஏழும் ஏழு திசை காட்டினால் கவலைப்பட வேண்டியதில்லை, இன்னும் காலம் ஆகவில்லை என்று பொருள்.

1970களில் அமெரிக்கச் சபைகளில் பரவத் தொடங்கிய வினாத்தாள் முறையும் இப்போது நம் வாலிபர் முகாம்களுக்கு வந்துவிட்டது: நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால் மூன்று வரங்களின் பெயர் கிடைக்கும். பேச்சைத் தொடங்குவதற்கு அது நல்ல கருவி. ஆனால் நாம் என்னவாக இருக்க ஆசைப்படுகிறோம் என்பதையே அது பெரும்பாலும் அளக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் போதகம் என்றுதான் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருப்பேன்.

இதெல்லாம் நடந்த பிறகு அந்த மகிழ்ச்சிக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடன் செய்ய வேண்டும் என்று ரோமர் 12:8 சொல்வதால், முகம் சுளித்துக்கொண்டு செய்யும் பணியில் ஏதோ பொருந்தவில்லை என்பது உண்மையே. உடம்பு களைத்தும் மனம் களைக்காத வேலை எது என்று கேட்பது அதைவிடச் சரியான கேள்வி.

சிறிய அளவில் செய்துபாருங்கள்

ஊகித்த வரத்தைச் செய்துபார்த்துத்தான் உறுதிப்படுத்த முடியும். ஆயரிடம் நேரம் கேட்டு, நோட்டுப் புத்தகத்தையும் காகிதங்களையும் காட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு சிறிய பொறுப்பைக் கேளுங்கள். முடியும் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தேதி இல்லாமல் ஏற்றுக்கொண்ட பொறுப்பிலிருந்து நம் சபைகளில் ஒருவர் விடுபடுவது கலியாணத்தாலோ மரணத்தாலோதான் என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். போதிக்கும் வரம் என்று தோன்றினால் பிரசங்க பீடத்தைக் கேட்காமல், விடுமுறை வேதாகமப் பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளைப் போலக் கண்டிப்பான பரீட்சை அதிகாரிகள் யாரும் இல்லை. உபசரிக்கும் வரம் என்று தோன்றினால், வேலைக்காக வந்து விடுதியில் தங்கியிருக்கும் இரண்டு பேரை மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். புத்திசொல்லும் வரமானால், சபைக்கு வராமல் நின்றுபோன ஒரு குடும்பத்தை மட்டும் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் வரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொழில் செய்து முன்னேறிய இந்த வட்டாரத்தில் அது உண்மையாகவே நிறைய இருக்கிறது. பகிர்ந்துகொடுக்கிறவன் வஞ்சனையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது வசனம். உள்நோக்கம் இல்லாத கபடற்ற கையே அதன் கருத்து. மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் உபயதாரர் பெயரை எழுதி, விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பதற்காக அதை நிறுத்திவைக்க மனம் தவிக்கும் நிலை வஞ்சனை அல்ல என்றாலும், வரமும் அல்ல. இந்த வரம் தமக்கு உண்டா என்று அறிய விரும்புகிறவர், ஓராண்டுக்குத் தம் பெயர் தெரியாமல் ஒரு மாணவனின் கட்டணத்தையோ ஒரு நோயாளியின் மருந்துச் செலவையோ ஆயர் மூலமாகச் செலுத்திப் பார்க்கட்டும். பெயர் தெரியாமல் கொடுத்தும் அடுத்த ஆண்டும் கொடுக்கத் தோன்றினால் சாவி அவரிடம்தான் இருக்கிறது. சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கும் இந்த வரம் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை மூன்று பங்கு விலைக்கு எடுத்துவிட்டு அதைச் சத்தமில்லாமல் இன்னொரு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களை நாம் அறிவோம்.

அந்நியபாஷை (கற்காத மொழியில் ஆவியால் பேசுவது), குணமாக்குதல், தீர்க்கதரிசனம் ஆகியவற்றில் சபைக்குச் சபை நடைமுறை வேறுபடுகிறது. ஒரே தெருவில் தென்னிந்தியத் திருச்சபையும் பெந்தெகொஸ்தே சபையும் இருக்கும் ஊர்களில் இதைப் பற்றிய வாக்குவாதமும் உண்டு. உங்கள் சபையின் ஒழுங்குக்குக் கீழ்ப்பட்டிருங்கள். பவுலே 1 கொரிந்தியர் 14:27இல் அந்நியபாஷை பேசுவதற்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, அர்த்தம் சொல்லுகிறவரோடு என்று வரம்பு வைத்திருக்கிறார். நோயாளிக்காக ஜெபிக்கிறவர் மருந்தை நிறுத்தச் சொன்னாலும், ஜெபத்துக்குக் கட்டணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

சபை செய்ய வேண்டியது

இதுவரை சொன்னவை தனி ஒருவருக்கு. ஆனால் வரங்கள் கண்டறியப்படாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தனி ஒருவர் அல்லர். பணியைப் பங்கிடும்போது இரண்டு மூன்று குடும்பங்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருவது, எந்தச் சாதியார் எந்தப் பணியைச் செய்வது என்று சொல்லாமலே ஒரு வழக்கம் இருப்பது, பெண்களின் வரம் சமையற்கட்டோடு முடிந்துவிடும் என்று நினைப்பது ஆகியவை ஆவியானவர் திறந்த அறைகளுக்கு நாம் போட்ட பூட்டுகள். 1830இல் லண்டன் மிஷன் சங்கத்தின் ஆடிஸ் கோயமுத்தூரில் பணியைத் தொடங்கியதையும், பிறகு பிரப் என்ற ஊழியர் ஈரோட்டில் உழைத்து, அங்கே ஒரு சாலைக்கும் ஓர் ஆலயத்துக்கும் பெயரானதையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஊர் ஊராக நடந்து சபைகளை நிலைநிறுத்திய உபதேசியார்களும், வீடுகளுக்குள் நுழைந்து பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த வேதாகமப் பெண்களும் எந்தச் சாலையிலும் இல்லை. அவர்களுக்கு யாரோ ஒருவர் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்ததால்தான் அந்த வரங்கள் வெளியே வந்தன.

ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் ஒரு துணிச்சலான பாடத்தை வைத்திருக்கிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தி விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே உக்கிராணச் சாவி போயிற்று என்று இதை நான் வாசிக்கிறேன். திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கிறிஸ்தவத் தொழிலாளர்கள் கடைசி வரிசையில் மொழி புரியாமல் அமர்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காக நாம் ஒரு கூட்டம் நடத்துவதைவிட, அவர்களில் ஒருவரை அழைத்து, சாவியைக் கொடுத்து, எதை எப்போது செய்யலாம் என்று அவரையே கேட்பது வேதத்துக்கு நெருக்கமானது. ஷிப்டு முடிந்து ஞாயிறு மாலையில்தான் வர முடியும் என்று அவர் சொன்னால், நம் நேர அட்டவணை நகர வேண்டும்.

எபேசியர் 4:12இன்படி ஆயரின் வேலை, பரிசுத்தவான்களைச் சீர்பொருந்தச் செய்வது. எல்லாப் பணியையும் தாமே செய்வதல்ல. இதற்கு ஒரு பழக்கம் உதவும். ஒவ்வொரு பொறுப்புக்கும் அரைப் பக்கத்தில் என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது முடியும் என்று எழுதிவைப்பது. தவறு செய்கிறவரைத் திருத்தும் முறையை ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளிடம் கற்கலாம்: ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசிய அப்பொல்லோவின் அறிவு குறைபட்டிருப்பதைக் கண்டபோது, அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கினார்கள். நோட்டீஸ் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் திருத்தப்பட்டவர் அடுத்த முறை கை தூக்கமாட்டார்.

பலன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அரையாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கீழ்பவானிப் பாசனத்தில் தண்ணீர் திறந்த செய்தியைக் கேட்டு மகிழ்கிறவர்கள் வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர்கள். திறந்தது உண்மையா என்று சொல்ல வேண்டியவர் கடைமடை விவசாயி. பாடகர் குழு எத்தனை பாட்டுக் கற்றது என்பதைவிட, படுக்கையில் இருக்கும் ஒரு தாத்தாவின் வீட்டில் அந்தக் குழு எத்தனை முறை பாடியது என்று கேளுங்கள்.

கடைசியாக, மூன்று மாத முயற்சி முடிந்து முழுப் பொறுப்பை ஏற்ற நாளிலேயே உங்களுக்குப் பக்கத்தில் இளையவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் அவர் பார்க்கட்டும்; அடுத்த ஆறு மாதம் அவர் செய்ய, நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்; குறித்த தேதி வந்ததும் கணக்கு நோட்டையும் சாவிக்கொத்தையும் சபையார் முன்பாக அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பாய் விரிக்க ஆள் குறைவாக இருந்தால் அந்தப் பக்கம் போங்கள்.